சாக்ஸன், வைக்கிங் வாள்களுக்கு உறை செய்யக் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இங்கிலாந்தின் சாக்ஸன் வாள் அல்லது வடஐரோப்பாவின் வைக்கிங் வாளின் மறுஆக்கம் ஒன்றை வாங்கியவர் உறை செய்யச் சொல்லும்போது முதலில் பேசுவது தோலின் நிறத்தையும் உலோக வேலைப்பாட்டையும்தான். வாளைக் காப்பதும் கெடுப்பதும் தோலுக்கு அடியில் இருக்கும் மரமும் மயிர்த்தோலும். அதனால் கீழே உள்ள விடைகளில் உட்பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். வெட்டும் பாகத்தை ‘அலகு’ என்றும், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கட்டையைக் ‘காப்பு’ என்றும், உறையின் நுனியில் மாட்டும் உலோகத்தைக் ‘குப்பி’ என்றும் குறிப்பிடுகிறோம்.

அந்தக் காலத்து உறைகள் எப்படி இருந்தன? அவை மக்கிப் போகவில்லையா?

பெரும்பாலும் மக்கிவிட்டன. இரண்டு வழிகளில் தடயம் தப்பியிருக்கிறது. கல்லறைகளில் வாளோடு புதைத்த உறையின் மரமும் மயிரும் இரும்புத் துருவில் ஊறி, துருவோடு துருவாக இறுகிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் இழையும் ஆட்டு மயிரும் இன்னும் தெரியும். இரண்டாவது வழி, காற்றுப் புகாத சேற்றுமண். இங்கிலாந்தின் யார்க் போன்ற பழைய நகரங்களின் ஈர அடுக்குகளில் தோல் அப்படியே கிடைத்திருக்கிறது. அங்கே மரம் போய்விட்டது, தையல் துளைகளோடு தோல் மட்டும் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமைப்பு தெளிவாகிறது: மெல்லிய இரண்டு மரப்பட்டைகள், உள்ளே மயிரோடு கூடிய ஆட்டுத்தோல் அல்லது கம்பளித் துணி, மரத்தின் மேல் சில சமயம் லினன் சுற்று, அதற்கும் மேல் பின்பக்கம் தைத்த தோல். 1939-இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள சட்டன் ஹூவில் கப்பற்புதையலோடு கிடைத்த வாளும் உறைக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டியிருந்தது. வெறும் தோலை மடித்துத் தைத்த பை போன்ற உறை இந்த வாள்களுக்கு உரியதல்ல. அப்படிச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் அலகின் கூர் சில மாதங்களில் தையலை அறுத்துவிடும்.

என் வாளுக்கு எந்தக் காலத்து உறை பொருந்தும்?

இதை வாளின் கைப்பிடிதான் சொல்லும். வைக்கிங் கால வாள்களின் பிடிகளை யான் பீட்டர்ஸன் 1919-இல் எழுத்துகளிட்டு வகைப்படுத்தினார். இன்றும் வாள் விற்பவர்கள் அந்த எழுத்தைத்தான் சொல்வார்கள். உங்கள் வாள் எந்த வகை என்று விற்றவரிடம் கேட்டு, அதை உறை செய்பவருக்குத் தெரிவியுங்கள்.

5, 6-ஆம் நூற்றாண்டுச் சாக்ஸன் வாள்களின் உறைவாயில் உலோகப் பட்டை இருக்கும். அடியில் U வடிவில் விளிம்பை அணைத்துச் செல்லும் மெல்லிய தகடு இருக்கும். வைட் தீவின் செஸ்ஸல் டவுன் கல்லறையில் கிடைத்த வாளின் உறைவாய் வெள்ளிப் பட்டையில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்துகள் கீறப்பட்டிருப்பதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 7-ஆம் நூற்றாண்டில் அலங்காரம் நுனியை விட்டு மேலே ஏறிவிடுகிறது. உறையின் மேற்பகுதியில் குமிழ் பொத்தான்கள், வாரில் கோக்கும் சிறு பிரமிடுகள் ஆகியவற்றைச் சட்டன் ஹூவிலும், 2009-இல் கண்டெடுத்த ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலிலும் காண்கிறோம்.

9-ஆம் நூற்றாண்டு வைக்கிங் உறை எளிமையானது: தோல், மரம், தொங்கவிடும் வார் நுழைய ஒரு பாலம். 10-ஆம் நூற்றாண்டில் துளைவேலை செய்த வெண்கலக் குப்பிகள் வருகின்றன. பறவை உருவமோ பின்னிய விலங்கோ உள்ள இவை ஸ்வீடனின் பிர்க்காவிலும் இன்றைய ஜெர்மனியில் உள்ள ஹெடெபியிலும் கிழக்கே ரஷ்ய ஆற்றுவழி ஊர்களிலும் கிடைத்துள்ளன. 11-ஆம் நூற்றாண்டுக்கு, 1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பாயோ திரைச்சீலை நல்ல வழிகாட்டி.

அடிக்கடி வரும் கோரிக்கை: வைக்கிங் H வகை வாளுக்குச் சட்டன் ஹூ பிரமிடுகள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 ஆண்டுகள் உண்டு. செய்பவர் செய்து கொடுப்பார். பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். ஒரு நூற்றாண்டையும் ஒரு நிலப்பகுதியையும் தேர்ந்துகொண்டு அதற்குள் நிற்பதே எங்கள் ஆலோசனை.

‘பிரதி’ என்று கேட்பதா, ‘வரலாற்றுச் சாயலில்’ என்று கேட்பதா?

முழு உறை ஒன்றுகூடக் குறையின்றிக் கைக்கு வரவில்லை. மரம் ஒரு கல்லறையிலிருந்து தெரியும், தோலின் அலங்காரம் ஒரு நகரத்திலிருந்து, குப்பி இன்னொரு நாட்டிலிருந்து. ஆகவே பெரும்பாலான நல்ல உறைகள் சாயல்தான். எந்தப் பாகம் எந்தக் கண்டெடுப்பைப் பின்பற்றுகிறது, எது செய்பவரின் ஊகம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதை எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

வாளை நேரில் அனுப்பியே ஆக வேண்டுமா? அளவு கொடுத்தால் போதாதா?

அனுப்புவதே சிறந்தது. ஒரே பட்டறையில் ஒரே மாதிரியில் செய்த இரண்டு வாள்கள்கூட அகலத்தில் 1, 2 மி.மீ. மாறும். அலகில் கண்ணுக்குத் தெரியாத வளைவும் இருக்கும். உறையின் உட்பள்ளத்தில் 1 மி.மீ. என்பது இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம்.

அனுப்ப முடியாதபோது இப்படி அளவெடுங்கள். நீளமான தாளை மேசையில் ஒட்டி, வாளைப் படுக்க வைத்து, கூர்மையான பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தை வரையுங்கள். பென்சில் சாய்ந்தால் ஒரு பக்கம் 1 மி.மீ. கூடும், இரு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. ஆகும், உறை ஆடும். அதனால் கோட்டை மட்டும் நம்பாமல், காப்பிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு முறை வெர்னியர் காலிப்பரால் அகலத்தை அளந்து அந்தந்த இடத்தில் எழுதுங்கள். பிறகு வாளைப் புரட்டிப் போட்டு இன்னொரு தாளில் வரையுங்கள். இரண்டு தாளையும் திருப்பாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு கோடும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் அலகு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள்.

தடிமனை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: காப்பை ஒட்டி, நடுவில், நுனிக்கு 5 செ.மீ. முன்னால். ஓரத்தின் தடிமனைத் தனியாக எழுதுங்கள். காப்பின் அடிப்பக்கத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். பீட்டர்ஸனின் L வகை போன்ற ஆங்கிலேய வாள்களில் காப்பின் இரு முனையும் அலகு நுனியை நோக்கி வளையும். யார்க்ஷயரின் கில்லிங் வாள் இதற்கு நல்ல உதாரணம். அத்தகைய காப்புக்கு உறைவாயின் நடுப்பகுதி மேலெழும்பி நிற்க வேண்டும். நேராக வெட்டிய வாய் என்றால் நடுவில் பிறை வடிவில் இடைவெளி விழுந்து மழைநீர் நேரே உள்ளே போகும்.

அஞ்சலில் அனுப்பும்போது அதிகம் நேரும் சேதம், நுனி பெட்டியைக் குத்திக்கொண்டு வெளியே வருவது. அலகை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டி, நுனிக்கு முன்னால் ஒரு கட்டையை ஆணியடித்து நிறுத்துங்கள். பல கூரியர் நிறுவனங்கள் அலகுள்ள பொருளை ஏற்பதில்லை, முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். வாள் வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உறை மட்டும் போய் வந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

போர் நிகழ்த்திக் காட்டும் குழுவில் மழுங்கிய வாள் பயன்படுத்துகிறேன். ஏதாவது மாற்றம் உண்டா?

உண்டு. மழுங்கிய வாளின் ஓரமே 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருக்கும், நுனியும் உருண்டிருக்கும். கூர்வாளுக்குச் செய்த உறையில் அது போகாது. போய்ச் சேர்ந்தாலும் ஒட்டுவாயைப் பிளக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஓரத்தில் பிசிறும் பல்லும் விழும். அவற்றை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்காமல் உறையில் போட்டால் உள்ளே இருக்கும் மயிர்த்தோல் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும்.

எந்த மரம் கேட்பது?

வில்லோ அல்லது பாப்ளர். சாக்ஸன் வாள்களின் துருவில் அடையாளம் கண்ட மரங்களில் இந்த இனம் திரும்பத் திரும்ப வருகிறது. வில்லோ என்றால் கிரிக்கெட் மட்டை செய்யும் மரத்தின் இனம்தான். எடை குறைவு, எளிதில் பிளக்காது, உளிக்கு அடங்கும். லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன் மரம்), ஆல்டர் இரண்டும் நன்றாக இருக்கும்.

ஓக் வேண்டாம். வைக்கிங் என்றாலே ஓக் என்று நினைத்துக் கேட்பவர்கள் பலர். ஓக் மரம் காய்ந்த பிறகும் அசிட்டிக் அமிலத்தை மெல்ல வெளியிடும், அதில் டானினும் அதிகம். மூடிய உறைக்குள் அந்த ஆவி இரும்பை அரிக்கும், ஈரம் பட்டால் அலகில் கருநீலக் கறை விழும். பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டையும் தவிர்க்கவும். அவற்றின் பிசின் வெளியிடும் ஆவியும் அலகுக்கு நல்லதல்ல. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள். பச்சை மரத்தில் செய்த உறை முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

உள்ளே மயிர்த்தோல் அவசியமா? துணி போதாதா?

இரண்டுக்கும் வரலாற்றுச் சான்று உண்டு. செம்மறியாட்டு மயிர் நல்ல தேர்வு என்பதற்குக் காரணம் அதன் இயற்கைக் கொழுப்பு, லானோலின். அலகு ஒவ்வொரு முறை போய் வரும்போதும் மெல்லிய பூச்சு ஒன்று படியும். மயிரின் வளைவு வாளைப் பிடித்தும் வைக்கும்.

மயிரை 3 முதல் 5 மி.மீ. உயரத்துக்குக் கத்தரிக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் வாய் இறுகி, மயிர் கற்றையாகத் திரண்டுவிடும். மயிர் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது வாள் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், உருவும்போது சற்றே எதிர்க்கும். தலைகீழாக ஒட்டிவிட்டால் வாள் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும், மயிரும் சீக்கிரம் உதிரும். குரோம் முறையில் பதனிட்டு வெளுத்த அலங்கார ஆட்டுத்தோல் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் தங்கியிருக்கும் உப்பு அலகில் புள்ளிப் புள்ளியாகத் துருவை உண்டாக்கும். ‘லானோலின் நீக்காதது, தாவரப் பதனிடல் அல்லது எண்ணெய்ப் பதனிடல்’ என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

செய்முறை எப்படி இருக்கும்? எந்தக் கட்டத்தில் தவறு நேரும்?

ஒரே பலகையை நெடுக அறுத்து இரண்டு பட்டைகள் எடுப்பார்கள், தலா 8 மி.மீ. தடிமன். நீளம் அலகைவிட 2 செ.மீ. அதிகம், அகலத்தில் இருபுறமும் 6 மி.மீ. மிச்சம். ஒரே பலகை என்பது முக்கியம். வெவ்வேறு மரத் துண்டுகள் ஈரத்துக்கு வெவ்வேறாக விரிந்து உறையை வளைத்துவிடும்.

அலகின் உருவை வரைந்து, வளைவு உளியால் குடைவார்கள். காப்பருகே 5 மி.மீ. தடித்த அலகுக்கு ஒவ்வொரு பட்டையிலும் நடுவில் ஏறத்தாழ 4.5 மி.மீ. ஆழம் வேண்டும்: பாதி அலகு 2.5, அமுங்கிய மயிர்த்தோல் 2. நுனியை நோக்கி ஆழம் குறைந்துகொண்டே போக வேண்டும். பலர் கடைசிவரை ஒரே ஆழத்தில் குடைந்துவிடுகிறார்கள். வாய் இறுக்கமாக இருக்கும், நுனியோ உள்ளே கிடந்து கடகடக்கும். நுனிக்கு அப்பால் 5 மி.மீ. காலியிடம் விட்டு, பிறகு முழு மரம் வர வேண்டும்.

மயிர்த்தோலை ஒட்டும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளியே நிறுத்த வேண்டும். பசை பூசும் இடத்தில் ஒரு மயிர் சிக்கினாலும் ஒட்டு பலவீனமாகும். ஒட்டுவதற்கு முன் இரண்டு பாதியையும் கயிற்றால் இறுகக் கட்டி வாளைப் போட்டுப் பார்ப்பது கட்டாயம். திருத்துவதற்கு அதுவே கடைசி வாய்ப்பு.

பசை வஜ்ஜிரம். நம் ஊர்த் தச்சர்கள் அறிந்த அதே விலங்குத் தோல் பசைதான் அங்கும். 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக வைத்துப் பூச வேண்டும், கொதிக்க விட்டால் வலுப் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் உறைந்துவிடும் என்பதால் மரத்தையும் முன்பே வெதுவெதுப்பாக்கிக்கொள்வார்கள். 5 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப், 24 மணி நேரம். ஒட்டும்போது நேர் பார்ப்பதற்காக வாளை உள்ளே வைத்தால், பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, கிளாம்ப் போட்டதும் உடனே உருவிவிட வேண்டும். பிதுங்கிய பசையில் வாள் ஒட்டிக்கொண்டால் உறையைப் பிளப்பதைத் தவிர வழியில்லை.

காய்ந்த பிறகு இழைப்புளியாலும் அரத்தாலும் வெளிவடிவம் கொடுக்கிறார்கள். நடுவில் சுவர் 2.5 மி.மீ. வரை இறங்கலாம். குறுக்குவெட்டு நடுவில் சற்றுப் புடைத்து ஓரத்தில் மெலிந்திருக்க வேண்டும். செவ்வகமாக, பலகைத் துண்டு போலத் தெரிந்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். வஜ்ஜிரத்தில் நனைத்த மெல்லிய லினனை மேலே சுற்றுவார்கள். ஒட்டுவாய் பிளக்காமல் காப்பது இதுதான். சில பட்டறைகள் நேரத்தை மிச்சப்படுத்த இதை விட்டுவிடுகின்றன. நீங்கள் வற்புறுத்திக் கேளுங்கள். முகடுகள் வேண்டுமானால் 2 மி.மீ. கயிற்றை லினனின் மேல் ஒட்டி, அதன் மேல் தோலை அழுத்துவார்கள்.

தோலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, உறையின் சுற்றளவைவிட 5 முதல் 8 மி.மீ. குறைவாக வெட்டி, இழுத்துத் தைக்க வேண்டும். சொட்டச் சொட்டப் போர்த்தினால் அடியில் உள்ள வஜ்ஜிரம் இளகி ஒட்டுவாய் திறக்கும். சுற்றளவுக்குச் சரியாக வெட்டினால் காய்ந்ததும் தொளதொளக்கும். தைத்தபின் நிழலில் 2, 3 நாள். வெயிலிலோ ஹேர் டிரையர் கொண்டோ காயவைத்த ஈரத்தோல் சுருங்கி விறைத்துப்போகும், பழைய நிலைக்குத் திரும்பாது.

எந்தத் தோல்?

தாவரப் பதனிடல் செய்த கன்றுத்தோல் அல்லது ஆட்டுத்தோல், 1 முதல் 1.2 மி.மீ. தடிமன். 85 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் உள்ள துண்டு ஒரு சராசரி உறைக்குப் போதும். இடுப்புவாருக்கு விற்கும் 3 மி.மீ. தோலைப் போர்த்தினால் மரத்தின் வடிவமும் கயிற்று முகடும் தெரியாது, எடையும் கூடும். நல்ல உறையின் மொத்த எடை 300 முதல் 400 கிராம்தான். தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டைப் பதனிடலில் தொடங்கிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் வகையில் மேற்பூச்சு இல்லாத மெல்லிய ஆட்டுத்தோல் இந்த வேலைக்குப் பொருந்தும். குரோம் தோல் நனைத்து அழுத்திய வடிவத்தில் நிற்காது.

தையல் ஏன் பின்பக்கம்? இடதுகைக்காரருக்கு?

கிடைத்த தோல்களில் தையல் பின்பக்க நடுவில் ஓடுகிறது. இரண்டு விளிம்பும் முட்டும்படி, குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட லினன் நூலால் 4, 5 மி.மீ. இடைவெளியில் தைப்பார்கள். உடலில் படும் பக்கமே பின்பக்கம் என்பதால், வலது இடுப்பில் கட்டும் இடதுகைக்காரர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தைத்த பிறகு பக்கம் மாற்ற முடியாது.

கறுப்பு உறைதான் வேண்டும். சாயம் அலகைப் பாதிக்குமா?

பழைய முறையில் இரும்புத் துண்டை வினிகரில் ஊறவைத்த நீரைத் தோலில் பூசுவார்கள். தோலின் டானினோடு அது சேர்ந்து நிரந்தரக் கறுப்பாகும். பூசியபின் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து அமிலத்தை முறிக்காவிட்டால் தோல் நாளடைவில் விரிசல் விடும், உறைவாயருகே காப்பும் துருப்பிடிக்கும். மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும், சாயமே ஏற்றாத பழுப்பும் அந்தக் காலத்துக்கு நன்றாகப் பொருந்தும். எல்லா உறையும் கறுப்பாக இருப்பது திரைப்படங்கள் உண்டாக்கிய பழக்கம்.

வெண்கலக் குப்பியை நானே வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மரவேலை தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். வார்த்த வெண்கலம் வளையாது. மரத்தைத்தான் அதற்கேற்ப இழைக்க முடியும். உறை முடிந்தபின் குப்பி வந்தால் தோலைச் சீவித் திணிக்க வேண்டியிருக்கும், அந்த இடத்தில் ஆறு மாதத்தில் தோல் பிரியும். புதிதாக வார்க்கச் சொன்னால், மெழுகு மாதிரியைவிட வெண்கலம் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கி வரும் என்பதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். குப்பியை நிறுத்தும் சிற்றாணி முழு மரத்தில் மட்டும் இறங்க வேண்டும். உட்பள்ளத்துக்குள் அது நீட்டியிருந்தால் அலகின் நுனியில் ஒவ்வொரு நாளும் கோடு விழும்.

கார்னெட் பதித்த பிரமிடுகள் அவ்வளவு விலை ஏன்?

ஒவ்வொரு கல்லையும் 1 மி.மீ. அளவுக்கு மெல்லிய தகடாக அறுத்து, தங்க அறைகளின் வடிவத்துக்கே உரசி, அடியில் வரிகள் பதித்த தங்கத்தாளை இட்டுப் பொருத்த வேண்டும். அந்தத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் கல் உள்ளிருந்து எரிவது போலத் தெரிகிறது. 5, 6-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளின் கார்னெட்டுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று கற்களின் வேதியியல் ஆய்வு காட்டியிருக்கிறது. பிறகு பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கற்கள் வருகின்றன. நம் கரையிலிருந்து கடல் கடந்த கல் ஆங்கிலேய மன்னர்களின் இடுப்பில் இருந்தது என்பது நினைக்கவே மகிழ்ச்சியான விஷயம்.

செலவு தாங்காதென்றால் சிவப்புக் கண்ணாடி அல்லது எனாமல் பதித்த வெண்கலப் பிரமிடு கேளுங்கள். பிசின் ஊற்றியவை ஓராண்டில் மங்கும். மரவேலையில் குறைத்து அந்தப் பணத்தில் கார்னெட் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

எப்படித் தொங்கவிடுவது?

எளிய வழி, உறையின் முன்பக்கம் வாயிலிருந்து 10 செ.மீ. கீழே மரத்தாலோ மான்கொம்பாலோ ஒரு பாலம். அதன் அடியில் வார் நுழையும். பாலத்தை மரப்பட்டையோடு ஒட்டி, லினனும் தோலும் அதன் இரு முனைகளையும் மூடிப் பிடிக்கும்படி செய்ய வேண்டும். தோலின் மேல் ஒட்டிய பாலம் வாளின் எடையில் பிய்ந்துவிடும். ஒற்றைப் பாலத்தில் உறை ஏறக்குறைய நேராகத் தொங்கும், நடக்கும்போது காலில் தட்டும்.

9-ஆம் நூற்றாண்டுக்கு ஃபிராங்கிய (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதி) முறை நன்று. மூன்று வார்கள் ஒரு மூவிலை உலோகத்தில் சேர்ந்து உறையைச் சாய்த்துப் பிடிக்கும். வைக்கிங்குகள் இந்த மூவிலை உலோகங்களைக் கொண்டுபோய்த் தங்கள் பெண்களுக்கு உடையில் குத்தும் புரோச் ஆக்கினார்கள், பிறகு அதே வடிவில் தாங்களே வார்த்தார்கள். தோள்வாரும் இடைவாரும் இரண்டுமே ஏற்கத்தக்கவை. ஆர்டரில் உங்கள் இடுப்புச் சுற்றளவைக் கம்பளி உடையின் மேல் அளந்து கொடுங்கள்.

ஸீக்ஸ் கத்திக்கும் இதே உறையா?

இல்லை. ஒருபக்கக் கூருள்ள ஸீக்ஸுக்குத் தோலை மடித்து, கூர் இருக்கும் பக்கம் ஆணியோ தையலோ இட்ட உறை. மரப்பட்டைகள் தேவையில்லை. இடைவாரில் கிடைமட்டமாக, கூர் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கும். தோல் 2 மி.மீ. இருக்கலாம்.

உறை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

வாளைப் போட்டு உறையைத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. லேசாக உதறினால் நழுவத் தொடங்க வேண்டும். உருவும்போது முதல் 5 செ.மீ. எதிர்த்து, பிறகு சுலபமாக வர வேண்டும். கடைசிவரை ஒரே இறுக்கம் என்றால் மயிர் அதிகம் அல்லது அலகில் வளைவு. புதிய உறை முதல் ஒரு மாதத்தில் சற்றுத் தளரும். அதனால் கொஞ்சம் இறுக்கமாக வருவது குறையல்ல.

செய்பவரிடம் என்னவெல்லாம் உறுதி செய்துகொள்வது? எவ்வளவு நாளாகும்?

குடைந்த இரண்டு பாதிகளையும், மயிர்த்தோல் ஒட்டிய நிலையில், மூடுவதற்கு முன் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடிவிட்டால் உள்ளே இருப்பதை உங்களால் ஒருபோதும் பார்க்க முடியாது. லினன் சுற்றிய நிலையில் இன்னொரு படம். முன்பணம், மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, மீதி முடிவில் என்று பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. பசை, லினன், தோல் எல்லாம் காயும் நாள்களே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ‘மூன்று நாளில் முடித்துத் தருகிறேன்’ என்பவர் ஏதோ ஒரு படியை விடுகிறார். உலோக வார்ப்பு இருந்தால் காலம் முழுக்க அந்த வார்ப்பாளரைப் பொறுத்தது.

உறையில் வெள்ளைப் படலம் வந்திருக்கிறது. பூஞ்சையா?

இரண்டு காரணம் இருக்கலாம். ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால் அது தோலில் ஏற்றிய கொழுப்பு வெளியே வந்தது, துணியால் துடைத்தால் போதும். மறையாமல், மக்கிய நாற்றமும் இருந்தால் பூஞ்சை. காற்றோட்டமான நிழலில் காயவைத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். குப்பியின் ஓரத்தில் பச்சை மெழுகு போலச் சேர்ந்தால் செம்பு கலந்த உலோகமும் தோலின் கொழுப்பும் சேர்ந்த விளைவு. மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெய் பூசுவதை நிறுத்துங்கள்.

வாளை எப்போதும் உறையிலேயே வைக்கலாமா?

ஈரப்பதம் மிகுந்த ஊரில் வேண்டாம். மரம், மயிர், தோல் மூன்றும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விழாவுக்கோ காட்சிக்கோ போய் வந்ததும் வாளை உருவித் துடைத்து, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்துத் தனியே வையுங்கள். அலகில் எண்ணெயைத் தாராளமாகப் பூசி உறையில் போடுவது தவறு. எண்ணெய் மயிரில் தேங்கி, தூசியைப் பிடித்து, அலகைத் தேய்க்கும் பசையாகிவிடும், வஜ்ஜிர ஒட்டிலும் ஊறும். மழையில் நனைந்த உறையை வாய் கீழ்நோக்கியிருக்கும்படி நிழலில் தொங்கவிடுங்கள். மரம் ஊதி இறுகியிருந்தால் வாளைத் திணிக்காமல், முழுதும் காயும்வரை வெளியே வைத்திருங்கள்.